முதுகில் ஒட்டும் மண்: மல்யுத்தம், தொடுகை, தோல்வி குறித்துச் சில குறிப்புகள்

1

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்றொரு சொலவடை நம்மிடம் புழங்குகிறது. தோற்றவன் தோல்வியை ஒப்புக்கொள்ளாமல் சமாளிப்பதைக் கேலி செய்வது அது. மல்யுத்த விதிகளை அறிந்தவனுக்கு இந்தக் கேலியில் ஒரு சிக்கல் தெரியும். குப்புற விழுந்தவன் மல்யுத்தத்தில் தோற்றவனில்லை. வயிறு தரையில் பட்டால் புள்ளி போகும், ஆட்டம் போகாது. இரண்டு தோள்பட்டைகளும் ஒருசேரத் தரையில் பதிந்தால்தான் ஆட்டம் முடியும். ஆகவே மீசையில் மண் ஒட்டியதா என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. முதுகைத் திருப்பிக் காட்டு என்றுதான் கேட்பார்கள்.

பழமொழி அளக்கும் தோல்வி வேறு, மல்யுத்தம் அளக்கும் தோல்வி வேறு. முதலாவது மீசையில் ஒட்டுவது. அதாவது ஆண், சாதி, குடும்பம் என்று நாம் சுமந்து திரியும் கௌரவத்தில் ஒட்டுவது. அது எத்தனை தலைமுறை கழுவினாலும் போகாது என்று நம்பவைக்கப்பட்டிருக்கிறோம். இரண்டாவது முதுகில் ஒட்டுவது. தட்டிவிட்டால் உதிர்ந்துவிடும். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை விளங்கிக்கொள்ளக் கல்லூரி மல்யுத்தத்தைப் பிற சண்டை விளையாட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது உதவும் என்பது இக்குறிப்புகளின் நோக்கம்.

நான் திசையன்விளைக்காரன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் படித்த மூன்று வருஷமும் 52 கிலோ பிரிவில் மல்யுத்தம் ஆடினேன். மெத்தை என்று சொல்லத்தக்க மெத்தை எங்களுக்குக் கிடையாது. நீளம் தாண்டும் மணல்குழிதான் கோதா. போட்டிக்குப் போன இடத்தில்தான் முதன்முதலாக மெத்தையில் கால் வைத்தோம். பெரிய வீரனாக நான் வரவில்லை. ஆனால் ஊரில் கம்பும், பள்ளிக்கூடத்தில் கபடியும், கல்லூரியில் மல்யுத்தமும் என்று மூன்று வகை மோதலுக்கும் என் உடம்பு பழகியிருந்ததால், இவற்றுக்குள்ளே இருக்கும் வேற்றுமையைப் பற்றி யோசிக்காமலிருக்க முடிந்ததில்லை.

2

சண்டை விளையாட்டுகளை ஒப்பிடும்போது எது பலமானது, தெருச்சண்டையில் எது நிற்கும் என்ற கேள்வியிலேயே பேச்சு சிக்கிக்கொள்கிறது. டீக்கடையில் நடக்கும் இந்த விவாதத்துக்கு முடிவே கிடையாது. ‘குஸ்திக்காரன் கையில மாட்டுனா குத்துச்சண்டைக்காரன் என்ன செய்வான் வே?’ என்று ஒருவர் ஆரம்பித்தால் கடை மூடும் வரைக்கும் ஓடும். இதைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்று உண்டு. ஒவ்வொரு விளையாட்டும் எதைத் தோல்வி என்று வரையறுக்கிறது? அந்த வரையறைக்குள்தான் அந்த விளையாட்டு மனித உடலைப் பற்றி என்ன நினைக்கிறது என்பது பொதிந்து கிடக்கிறது.

குத்துச்சண்டையில் தோல்வி என்பது நினைவு தப்புவது. கீழே விழுந்தவன் பத்து எண்ணுவதற்குள் எழுந்தாக வேண்டும். புள்ளியில் வென்றாலும் அந்தப் புள்ளி எதிராளியின் தலையிலும் உடம்பிலும் விழுந்த குத்துகளின் கணக்கு. வடசென்னையில் பரம்பரைகளாகப் பிரிந்து நின்று ஆடிய குத்துச்சண்டைக்கு ‘ரோசமான குத்துச்சண்டை’ என்று பெயர் வைத்தார்கள். 2021இல் வந்த ‘சார்பட்டா பரம்பரை’ படம் அந்த ரோசத்தின் சமூக வரலாற்றைப் பொதுப்பார்வைக்குக் கொண்டுவந்தது. ரோசம் என்ற சொல் தற்செயலாக வந்ததில்லை. அங்கே தோல்வி காயமாக உடம்பில் பதிகிறது, அவமானமாகப் பரம்பரையில் பதிகிறது.

ஜப்பானில் 1882இல் ஜிகோரோ கானோ உருவாக்கிய ஜூடோவில் எதிராளியை வேகத்தோடும் பலத்தோடும் முதுகு படும்படி வீசிவிட்டால் அந்தக் கணத்திலேயே ஆட்டம் முடிகிறது. 20 நொடி தரையில் பிடித்து வைத்தாலும் முடியும். மூச்சு முட்டுபவன் கையால் தட்டிச் சரண் சொன்னாலும் முடியும். கானோ ஒரு பள்ளி ஆசிரியர் என்பது இங்கே கவனத்திற்குரியது. வீசுவதைக் கற்பிக்கும் முன் விழுவதைக் கற்பிக்கும் முறை ஜூடோவில் இருக்கிறது. சுமோவில் பாதம் தவிர உடம்பின் வேறெந்தப் பாகம் தரையில் பட்டாலும், வட்டத்துக்கு வெளியே கால் வைத்தாலும் தோல்வி. அங்கே தோல்வி என்பது இடத்தை இழப்பது.

நம்முடைய சிலம்பத்தில் கம்பு எதிராளியின் உடம்பைத் தொட்டால் புள்ளி. இரண்டு உடம்புக்கு நடுவில் ஒரு கம்பின் நீளம் எப்போதும் இருக்கிறது. சடுகுடு என்ற கபடியைச் சண்டை விளையாட்டு என்று யாரும் சொல்வதில்லை, ஆனால் எங்கள் பக்கத்தில் அதற்குள் ஓடும் சண்டை ஊருக்கே தெரியும். அதில் ஒருவன் தனியாக எதிரிகளின் எல்லைக்குள் போய்த் தொட்டுவிட்டுத் தன் மண்ணுக்குத் திரும்ப வேண்டும். தொடப்பட்டவன் வெளியேற வேண்டும். தொடுதல் என்ற சொல்லுக்கு நம் ஊரில் என்ன கனம் உண்டு என்று தெரிந்தவர்களுக்கு இந்த விதி சாதாரணமானதாகத் தோன்றாது. தூத்துக்குடி மாவட்டத்து மணத்தியிலிருந்து போய் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடிய மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் 2025இல் ‘பைசன்’ எடுத்தபோது, கபடிக் கோடு எந்தெந்தக் கோடுகளின் மேல் போடப்பட்டிருக்கிறது என்பதைப் பேச வேண்டியிருந்தது.

மல்யுத்தம் இவற்றிலிருந்து எங்கே விலகுகிறது? அடிக்கக் கூடாது. குத்தவோ உதைக்கவோ கூடாது. மூட்டைப் பின்னுக்கு முறிக்கவும் கழுத்தை நெரிக்கவும் கூடாது. செய்யக்கூடியது ஒன்றுதான்: பிடிப்பது. பிடித்து, தூக்கி, புரட்டி, எதிராளியின் முதுகைத் தரைக்குக் காட்டுவது. வெல்வதற்கு எதிராளியைக் கட்டித் தழுவியாக வேண்டிய ஒரே மோதல் இது எனலாம். ஒழுங்காக நடந்த ஆட்டத்தின் முடிவில் தோற்றவனின் உடம்பில் காயம் என்று ஒன்று இருக்க வேண்டியதில்லை.

ரோலான் பார்த் மல்யுத்தத்தைப் பற்றி எழுதிய கட்டுரை (1957இல் வந்த ‘தொன்மங்கள்’ நூலின் முதல் கட்டுரை) நம் இலக்கிய வட்டாரத்தில் பலருக்கும் தெரிந்ததுதான். அவர் எடுத்துக்கொண்டது பாரிஸ் கொட்டகைகளில் காசு வாங்கி நடத்தப்பட்ட காட்சி மல்யுத்தம். தாராசிங், கிங்காங் காலத்து ஆட்டங்களும், கேபிள் டி.வி. வந்த பிறகு நம் பையன்கள் சீட்டுக்கட்டாக வாங்கிச் சேர்த்த அமெரிக்க மல்லர்களும் அந்த வகை. ஜூடோவில் விழுந்தவன் உடனே எழுந்து தன் தோல்வியை மறைத்துக்கொள்கிறான், காட்சி மல்யுத்தத்தில் விழுந்தவன் விழுந்தே கிடந்து தன் இயலாமையால் பார்வையாளனின் கண்ணை நிறைக்கிறான் என்கிற பார்த்தின் வேறுபாடு நமக்கு உதவக்கூடியது. ஆனால் கல்லூரி மல்யுத்தம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அங்கே விழுந்தவன் கிடக்கிறான், ஆனால் யாருக்கும் காட்டுவதற்காகக் கிடக்கவில்லை. பார்க்க வருகிறவர்களே பத்துப் பேர்தான். அடுத்த முறை எப்படி எழுவது என்று அவன் உடம்பு யோசித்துக்கொண்டிருக்கிறது.

3

மல்யுத்தம் என்று ஒற்றைச் சொல்லால் சொன்னாலும் அதற்குள்ளும் பல உண்டு. இவற்றைப் பிரித்துக் காட்டாமல் மேலே போக முடியாது.

ஒலிம்பிக்கில் ஆடப்படுபவை இரண்டு. கிரேக்க-ரோமானிய முறையில் இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது, காலால் தடுக்கவும் கூடாது. கட்டற்ற முறையான ஃப்ரீஸ்டைலில் உடம்பு முழுவதும் பிடிக்கலாம். பெண்கள் ஃப்ரீஸ்டைல் 2004 ஏதென்ஸிலிருந்து ஒலிம்பிக்கில் இருக்கிறது. இரண்டு முறையிலும் மூன்று நிமிஷம் வீதம் இரண்டு சுற்று. முதுகைத் தரைப்பக்கம் காட்டவைத்தாலே புள்ளி. நம் நாட்டுப் பல்கலைக்கழகப் போட்டிகள் இந்தச் சர்வதேச விதிகளைப் பின்பற்றுகின்றன. மண்ணில் ஆடும் பழைய குஸ்தியில் நேரக்கணக்கு முக்கியமில்லை. முதுகு மண்ணில் பட்டதா, இல்லையா என்பதுதான் பேச்சு. பயில்வான், குஸ்தி, பஸ்கி, தண்டால் என்று இத்துறையில் நாம் புழங்கும் சொற்களில் பலவும் வடக்கிலிருந்து வந்தவை. மல், மல்லன், மற்போர் என்பவை நம்மிடம் முன்பே இருந்தவை. 7ஆம் நூற்றாண்டில் முதலாம் நரசிம்மவர்மன் மாமல்லன் என்று பட்டம் சூட்டிக்கொண்டான்.

கல்லூரி மல்யுத்தம் என்ற பெயரிலேயே தனி விதிகளோடு ஒரு விளையாட்டு இருப்பது அமெரிக்காவில். அங்கே கல்லூரிகளுக்கிடையிலான தேசியப் போட்டி 1928இல் தொடங்கியது. முதல் சுற்று மூன்று நிமிஷம், அடுத்த இரண்டும் இரண்டிரண்டு நிமிஷம். ஃப்ரீஸ்டைல் முதுகைக் காட்டவைப்பதற்குப் புள்ளி தருகிறது என்றால் இது கட்டுப்பாட்டுக்குப் புள்ளி தருகிறது. கீழே கிடப்பவனை எத்தனை நொடி மேலிருந்து அடக்கி வைத்தான் என்பதற்கு ஒரு கடிகாரம் ஓடும். ஒருவன் மற்றவனைவிட ஒரு நிமிஷம் கூடுதலாக அடக்கி வைத்திருந்தால் அதற்கு ஒரு புள்ளி. மறுபக்கம், கீழே கிடப்பவன் பிடியிலிருந்து நழுவி எழுந்துவிட்டால் அவனுக்கும் ஒரு புள்ளி. ஃப்ரீஸ்டைலில் இப்படி எழுவதற்குத் தனிப்புள்ளி கிடையாது.

‘கண்காணிப்பும் தண்டனையும்’ எழுதிய ஃபூக்கோ இதைப் பார்த்திருந்தால் கடிகாரத்தோடு அளக்கப்படும் அதிகாரம் என்று ஒரு பத்தி எழுதியிருப்பார் என்று நண்பர் ஒருவர் சொன்னார். சரிதான். ஆனால் விதிப்புத்தகத்தின் இரண்டு இடங்களில் இந்த வாசிப்பு தடுக்கி நிற்கிறது. ஒன்று, மேலே சொன்ன தப்பித்தலுக்கான புள்ளி. அடக்குதலை மட்டும் அளக்காமல் அடங்க மறுப்பதையும் அளந்து எழுதி வைத்திருக்கும் ஆட்டம் இது. இரண்டாவது இன்னும் முக்கியமானது. எதிராளியை மெத்தையிலிருந்து மேலே தூக்குகிறவன், அவனைப் பத்திரமாகத் தரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பையும் ஏற்கிறான். ஓங்கி அறைந்தால் தண்டனைப் புள்ளி. உன் பிடியில் ஒருவன் முழுவதுமாக இருக்கும்போது அவன் தலைக்கும் கழுத்துக்கும் நீதான் பொறுப்பு. அதிகாரம் என்றால் என்ன என்பதற்கு நான் படித்த கோட்பாட்டு நூல்கள் எதிலும் இவ்வளவு சுருக்கமான அறம் கிடைத்ததில்லை.

4

பிடி என்பதைத் தொடுகை என்று மொழிபெயர்த்தால் நம் ஊருக்கு வந்துவிடுவோம்.

புறநானூற்றில் சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி முக்காவல் நாட்டு ஆமூர் மல்லனோடு மற்போர் செய்து வென்றதைச் சாத்தந்தையார் பாடிய பாடல்கள் மூன்று இருக்கின்றன (80, 81, 82). நக்கண்ணையார் அவன்மேல் கொண்ட காதலைச் சொல்லும் பாட்டுகள் அடுத்து வருகின்றன. 82ஆம் பாட்டில் அந்தப் போரின் வேகத்துக்கு ஓர் உவமை வருகிறது. ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பிரசவம், வானத்தில் மழை, பொழுது சாய்கிறது. அந்த அவசரத்தில் கட்டிலுக்கு வார் பின்னிக்கொண்டிருக்கும் ஒருவன் கையிலுள்ள ஊசி எவ்வளவு விரைவாகப் போகுமோ, அவ்வளவு விரைவாக நடந்ததாம் போர். அந்த உழைப்பாளியைப் பாட்டு ‘இழிசினன்’ என்ற சொல்லால் குறிக்கிறது. அரசனின் உடம்பு செய்த உச்சபட்ச சாகசத்தைச் சொல்வதற்குக் கவிஞருக்குக் கிடைத்த அளவுகோல் இழிந்தவன் என்று தான் அழைக்கும் ஒருவனின் கை. கையின் திறன் தேவைப்படுகிறது, கைக்கு உரியவன் தள்ளி நிற்க வேண்டியிருக்கிறது. மல்யுத்தத்தைப் பற்றிய நம் மிகப் பழைய சாட்சியம் ஒன்றிலேயே இந்த முரண் பதிவாகியிருக்கிறது.

அதே தொகுப்பில்தான் புறப்புண் வருகிறது. வெண்ணிப் போரில் மார்பில் பாய்ந்த வேல் முதுகைத் துளைத்ததற்காகச் சேரமான் பெருஞ்சேரலாதன் நாணி வடக்கிருந்து செத்தான். முதுகில் பட்டது அவனுக்கு உயிரோடு தீர வேண்டிய கறை. மல்லனுக்கோ முதுகில் பட்டது ஒரு புள்ளி, அல்லது ஓர் ஆட்டம். ஒரே பண்பாட்டுக்குள் முதுகுக்கு இரண்டு பொருள் இருந்திருக்கிறது. நம் வீர மரபு என்று மேடைகளில் முழங்கப்படும் கதையாடல் முதல் பொருளை மட்டும் வளர்த்தெடுத்து, இரண்டாவதை மறந்தே போனது.

எங்கள் பக்கத்தைப் பாருங்கள். இட்டமொழித் தேரியின் சிவப்பு மணலும் பனையுமாக இருக்கும் இந்தச் சீமையில் பலசாலிகளுக்குப் பஞ்சமில்லை. நாளொன்றுக்குப் பல பனை ஏறி இறங்குகிறவனின் நெஞ்சையும் தொடையையும் எந்த உடற்பயிற்சிக் கூடமும் உருவாக்க முடியாது. ஆனால் இங்கே வேரூன்றியது கம்பு. குஸ்தி இல்லை. ஏன் என்று ஊரில் கம்பு சொல்லிக்கொடுத்த ஆசான் ஒருவரிடம் கேட்டேன். ‘கம்பு தூரத்துல நின்னு பேசும் மக்கா. பிடின்னா அவன் வேர்வை உம்மேல ஒட்டும்லா’ என்றார். அவர் தொழில்நுட்பமாகச் சொன்னாரா, சமூகவியலாகச் சொன்னாரா என்று தெரியாது. எனக்கு இரண்டுமாகக் கேட்டது.

திருவிதாங்கூரில் நம்பூதிரியிடமிருந்து 36 தப்படி தள்ளி நிற்கச் செய்யப்பட்டவர்கள் நாடார்கள். தோளை மறைக்கும் உரிமைக்காக 19ஆம் நூற்றாண்டில் பல பத்தாண்டுகள் போராடியவர்கள். அந்த வரலாற்றைச் சொல்லி நாம் பெருமைப்படுகிறோம். அதே நாம் நமக்குக் கீழே என்று வைத்தவர்களுக்கு எத்தனை தப்படி அளந்துவிட்டோம் என்ற கணக்கைச் சொல்வதில்லை. இப்படித் தூரத்தாலேயே கட்டப்பட்ட சமூகத்தில், ஆறேழு நிமிஷம் இன்னொருவனின் கழுத்தில் கன்னத்தைப் பதித்து, அவன் வியர்வை நம் வாயில் படக் கிடக்க வேண்டிய ஒரு விளையாட்டு இயல்பாக முளைக்கவில்லை என்பதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. சிலம்பத்தைக் குறைத்துச் சொல்வது என் எண்ணமில்லை. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது, அது மகிழ்ச்சிதான். ஆனால் மரபு மீட்பு என்ற குரலில் அதைப் பேசுகிறவர்கள் கம்பின் நீளத்துக்கும் சமூகத் தூரத்துக்கும் உறவு உண்டா என்ற கேள்வியைக் கேட்க மறுக்கிறார்கள்.

வடக்கில் இந்தத் தொடுகை என்ன செய்தது என்பதற்கு ஓர் ஆய்வு இருக்கிறது. பனாரஸ் அகாராக்களைப் பற்றி ஜோசப் ஆல்டர் எழுதிய ‘மல்லனின் உடல்’ 1992இல் வந்தது. அகாராவில் ஒருவருக்கொருவர் எண்ணெய் தேய்த்துவிடுவதும், ஒரே மண்ணில் புரள்வதும், தீட்டு பற்றிய சாதி விதிகளை நடைமுறையில் கலைத்துப் போடுவதை அவர் விவரிக்கிறார். உடனே இதைப் புரட்சி என்று கொண்டாடிவிட முடியாது. அதே அகாராதான் பிரம்மச்சரியம், விந்து சேமிப்பு, அனுமன் வழிபாடு என்று ஒரு குறிப்பிட்ட ஆண்மையை வார்க்கும் இடமாகவும் இருந்தது. பெண்களுக்கு அங்கே இடம் கிடையாது. சாதியின் கோடு ஓரிடத்தில் அழியும்போது பாலினத்தின் கோடு இன்னும் அழுத்தமாகக் கிழிக்கப்பட்டது.

மகாராஷ்டிரத்துக் கோலாப்பூர் இன்னொரு விதமான உதாரணம். 1902இல் பின்தங்கிய வகுப்பினருக்கு அரசுப் பணியில் பாதி இடங்களை ஒதுக்கிய சாகு மகாராஜாதான் அங்கே குஸ்தியின் பெரிய புரவலர். காஸ்பாக் மைதானம் அவர் கட்டியது. அந்த ஊர் ராஜாராம் கல்லூரி மாணவர் காசாபா ஜாதவ். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் மண்ணில் பழகிய கால்களோடு மெத்தையில் இறங்கி ஆறாவது இடம் பிடித்தார். 1952 ஹெல்சிங்கிக்குப் போகப் பணமில்லை. கல்லூரி முதல்வர் தன் வீட்டை அடகு வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார். ஜாதவ் வெண்கலத்தோடு திரும்பினார். சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் அது. இட ஒதுக்கீட்டை முன்னெடுத்த ஒரு மன்னன், ஒரு கல்லூரி, ஒரு மண் கோதா, இவை ஓரிடத்தில் கூடியதால் நிகழ்ந்தது என்றுதான் இதை நான் வாசிக்கிறேன். நம்மிடம் கல்லூரிகள் இருந்தன. ஒதுக்கீடும் வந்தது. கோதா வரவில்லை.

5

கல்லூரி மல்யுத்தத்தில் எனக்கு முதலில் பிடித்த பொருள் எடைக்கருவி. போட்டி நாளில் சட்டையைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்று ஏற வேண்டும். என்ன ஊர், யார் மகன், எந்தத் தெரு என்று எந்த இடத்திலும் முதலில் கேட்கப்பட்ட எனக்கு, 52 கிலோ என்பது தவிர எதையும் கேட்காத ஒரு நிறுவனம் புதிதாக இருந்தது. எதிரில் நிற்பவனும் 52 கிலோ. அவ்வளவுதான் அவனைப் பற்றித் தெரியும். எடைப் பிரிவு என்பது சமத்துவத்தைப் பற்றிய ஒரு கருத்து. உடல்கள் சமமில்லை என்பதை ஒப்புக்கொண்டு, மோதுவதற்கு முன் சமப்படுத்தும் ஏற்பாடு.

ஆனால் எந்த அளவுகோலும் அதிகாரமாக மாறாமல் இருப்பதில்லை. ஒரு பிரிவு கீழே போய் ஆடினால் சாதகம் என்பதால் வீரர்கள் தண்ணீரைக் குறைத்து, வியர்த்து, எடையை இறக்குகிறார்கள். 1997 இறுதியில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த மாணவர்கள் சில வாரங்களுக்குள் இப்படி எடை குறைக்கும் முயற்சியில் இறந்துபோனார்கள். அதன் பிறகுதான் ரப்பர் உடையும் நீராவி அறையும் தடை செய்யப்பட்டன, உடலில் நீர் போதுமான அளவு இருக்கிறதா என்ற பரிசோதனை வந்தது. அடிக்காத, குத்தாத விளையாட்டு தன் பிள்ளைகளைக் கொன்றது மெத்தைக்கு வெளியே, எடைக்கருவிக்கு முன்னால்.

2024 ஆகஸ்ட் 7 அன்று பாரிஸில் வினேஷ் போகத் 50 கிலோ இறுதிப் போட்டிக்கு முன் 100 கிராம் கூடுதலாக இருந்ததால் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். இரவெல்லாம் வியர்த்தும், முடியை வெட்டியும் அந்த 100 கிராம் போகவில்லை. விதி விதிதான் என்று சொன்னவர்கள் உண்டு. விதியை நான் மறுக்கவில்லை. அதற்கு ஓராண்டுக்கு முன் அதே பெண்ணுக்கு எந்த விதி காப்பாக நின்றது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். 2023 ஜனவரியில் வினேஷ், சாக்ஷி மாலிக், பஜ்ரங் புனியா உள்ளிட்டோர் மல்யுத்தக் கூட்டமைப்பின் அன்றைய தலைவர்மீது பாலியல் துன்புறுத்தல் புகார் சொல்லி டெல்லி ஜந்தர் மந்தரில் அமர்ந்தார்கள். அவர் புகாரை மறுத்தார். மே 28 அன்று, புதிய நாடாளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்ட அதே நாளில், ஊர்வலமாகப் புறப்பட்டவர்களைப் போலீஸ் தெருவில் இழுத்துப் பிடித்து வண்டியில் ஏற்றியது. அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது இது: மெத்தையில் ஒரு பெண்ணின் உடம்பில் எங்கே பிடிக்கலாம், எங்கே பிடிக்கக் கூடாது என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். மெத்தையை விட்டு இறங்கியதும் அந்தப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். தொடுகை விடுதலையாவதற்கு ஒப்புதல் என்ற ஒன்று அடியில் இருக்க வேண்டும். ஒப்புதல் இல்லாத தொடுகையும் தீண்டாமையும் ஒரே அதிகாரத்தின் இரண்டு கைகள்.

6

நம் கல்லூரிகளில் பையன்கள் மல்யுத்தத்துக்கு ஏன் வருகிறார்கள்? ‘சர்டிபிகேட் கெடைக்கும்ணே, போலீஸ் செலக்‌ஷனுக்கு ஆவும்’ என்பதுதான் நான் அதிகம் கேட்ட பதில். விளையாட்டு ஒதுக்கீடு, உடல் தகுதித் தேர்வு, சீருடைப் பணி. வேறு சொத்து இல்லாத வீட்டில் உடம்புதான் சொத்து என்பதால் இதைக் கேலி செய்ய எனக்கு உரிமை இல்லை. ஜாதவும் 1955இல் பம்பாய் போலீசில் சேர்ந்து அதில்தான் ஓய்வு பெற்றார்.

ஆனால் இந்தப் பாதை எங்கே போய் முடிகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பிடிக்கக் கற்றவன் கையில் அரசு ஒரு கம்பைக் கொடுக்கிறது. திரும்பவும் ஒரு கம்பின் நீளத் தூரம் வந்துவிடுகிறது, இந்த முறை எதிரில் கம்பில்லாதவனை வைத்து. 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போன ஊர்வலத்தின் மீது தடியடி நடந்து, தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். அவர்களில் ஒரு குழந்தையும் உண்டு. அன்று தடி பிடித்த கைகளில் எத்தனை கை விளையாட்டுச் சான்றிதழோடு உள்ளே போனதோ, யாரறிவார். தூக்கியவனே பத்திரமாக இறக்க வேண்டும் என்ற விதி அந்த ஆற்றங்கரையில் யாருக்கும் தெரியவில்லை.

7

திசையன்விளையிலிருந்து நாங்குநேரி வெகுதூரமில்லை. 2023 ஆகஸ்டில் அங்கே ஒரு தலித் மாணவனை, அவனோடு படித்த ஆதிக்க சாதி மாணவர்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். தங்கள் கொடுமையை அந்த மாணவன் பள்ளியில் முறையிட்டதுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் கட்டத் தடை, பள்ளிப் பெயர்களில் சாதியை நீக்குதல் எனப் பல பரிந்துரைகள் அதில் இருந்தன. அவை தேவையானவை. ஆனால் கயிற்றை அவிழ்த்த மணிக்கட்டு அதன்பின் என்ன செய்யும் என்பது மிச்சமிருக்கும் கேள்வி.

அந்தப் பையன்கள் கையில் அரிவாளைக் கொடுத்தது எது? ஒருவன் முறையிட்டான், ஆசிரியர் விசாரித்தார், நாம் தாழ்ந்தோம் என்ற உணர்வு. ஒரு சின்னத் தோல்வி. அதைத் தட்டிவிட்டுப் போகும் பயிற்சி அவர்களுக்கு எந்த வீட்டிலும், எந்தத் தெருவிலும், எந்தத் திரைப்படத்திலும் கிடைக்கவில்லை. மீசை முளைக்கும் முன்பே மீசையில் மண் ஒட்டிவிட்டதாக நம்பினார்கள். அரிவாள் என்ற ஆயுதத்தின் விதிப்புத்தகத்தில் முதுகு தரையில் பட்டால் ஆட்டம் முடிந்தது என்று எழுதியிருக்கவில்லை. அங்கே ஆட்டம் முடிவதே இல்லை. பதிலுக்குப் பதில் என்று அது தலைமுறை தாண்டும்.

மல்யுத்தம் சாதியை ஒழித்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே குழியில் என்னோடு புரண்டவர்களில் சிலர் விடுதியில் தனித்தனிக் கூட்டமாகத்தான் சாப்பிட உட்கார்ந்தார்கள். உடம்பு கற்றுக்கொண்டதை மனசு அன்றைக்கே ஏற்றுக்கொள்ளும் என்ற உத்தரவாதம் கிடையாது. ஆனால் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் சாதி ஒழிப்பு என்றால் உறுதிமொழி வாசிப்பதும் கருத்தரங்கம் நடத்துவதும் என்று நாம் வைத்திருக்கிறோம். சாதி வாழ்வது கருத்தில் மட்டும் என்றால் அது போதும். அது வாழ்வது தோலில், தூரத்தில், யார் அருகில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்ற கணக்கில். அந்த இடத்தில் போய் வேலை செய்யும் பயிற்சி நம்மிடம் வேறென்ன இருக்கிறது?

ஆகவே என் யோசனை சிறியது, செலவும் குறைவு. நம் மாவட்டத்துப் பள்ளிகளில் கபடிக்குக் கோடு போடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மணல்குழி வெட்டுங்கள். பையன்களுக்குத் தனியாக, பெண்களுக்குத் தனியாக, பெண்களுக்குப் பெண் பயிற்சியாளரோடு. எடையை மட்டும் கேட்டு ஜோடி சேருங்கள். பரிசும் கோப்பையும் ஊர்ப்பெயர் போட்ட பனியனும் வேண்டாம். அவை வந்தால் பின்னாலேயே ரோசமும் வந்துவிடும். முதல் மாசம் முழுக்க ஒரே பாடம்தான் இருக்க வேண்டும்: எப்படி விழுவது, விழுந்தபின் எப்படி எழுவது, தூக்கியவனை எப்படி இறக்குவது. இந்தப் பகுதியில் இயக்கம் நடத்தும் தோழர்களும் உடற்கல்வி ஆசிரியர்களும் இதைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். குழி வெட்ட நாலு மண்வெட்டி போதும். தேரியில் மணலுக்கா பஞ்சம்?